மூணு டிகிரி கூடக் காட்டும்

கையெழுத்துதானேம்மா, போட்டுத் தர்றேன். அதுக்கு ஏன் நின்னுக்கிட்டே இருக்க, உக்காரு. அது வேணாம், அந்த நாற்காலிக்கு ஒரு கால் கட்டை. போன மாசம் ஒரு பேராசிரியர் அதுல உக்காந்து அப்படியே மல்லாந்துட்டார். இந்தப் பக்கம் வா. ஃபேன் போடவா? சத்தம் ஜாஸ்தி, காத்தும் கொஞ்சம் வரும்.

நீ கடைசி வரிசையில உக்காந்திருந்தத தொழில் நெறி கிளாஸ் ஆரம்பிச்ச உடனேயே பாத்துட்டேன். யாருன்னு அப்ப தெரியல. ஏதோ கம்பெனியில புதுசா சேந்த ஜியாலஜிஸ்ட் பொண்ணு போலன்னு நெனச்சேன். அப்புறம் நடுவுல நீ தலைய ஒரு பக்கமா சாச்சு, புருவத்தச் சுருக்கிக்கிட்டுக் கேட்ட பாரு, அசல் உங்கப்பா, அப்ப எனக்கு வாய் குழறிடுச்சு. காப்பிரைட் அனுமதி வாங்குறது வேற, பேர் போட்டு நன்றி சொல்றது வேறன்னு சொல்ல வேண்டிய இடம். ரெண்டும் ஒன்னுதான்னு சொல்லிட்டேன். நாப்பது பேரும் அப்படியே எழுதிக்கிட்டாங்க. ஒரு ஆள் கை தூக்கல. உங்கப்பா இருந்திருந்தா விட்டிருப்பானா?

அவன் இவன்னு பேசுறேன்னு கோச்சுக்காதம்மா. எனக்கு அவன் எட்டு மாசம் சின்னவன். நியாயமா பாத்தா நீ என்னை சார்னு கூப்பிடக் கூடாது, பெரியப்பான்னு கூப்பிடணும். இல்ல இல்ல, கூப்பிடச் சொல்லல. சாரே இருக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரத்துல அதுவும் இருக்குமோ என்னமோ.

நீ கண் டாக்டர்னு சொன்னல்ல வாசல்ல. நல்ல வேலை. அப்பன் பாறையப் பாத்தான், பொண்ணு கண்ணப் பாக்குது. கண்ணு பரவால்ல, எதுத்துப் பேசும். எங்க தெரியுது, எங்க தெரியலன்னு சொல்லும். பாறை ஒன்னும் சொல்லாது, நாமதான் அது சொன்னதா எழுதிக்கணும். எங்க தொழில்ல இருக்குற எல்லாத் திருட்டுத்தனமும் அங்கதான் ஆரம்பிக்குது.

குடு, அந்த ஃபார்ம. அச்சகத்துல கேக்குறாங்களா? சரியாத்தான் கேக்குறாங்க. உரிமையாளர் எழுத்துல அனுமதி குடுக்காம படத்தப் போடக் கூடாதுன்னு காலையில நானே தொண்டை கிழியக் கத்துனேனே. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள போய்ச் சேரணுமா? இல்லன்னா? அந்தக் கட்டுரையவே எடுத்துருவாங்களா? நீ அச்சடிக்கிற உங்கப்பா கட்டுரைப் புஸ்தகத்துல இருந்தேவா? அவன் கடைசியா எழுதுனது அது. அதுவே இல்லன்னா அப்புறம் அந்தப் புஸ்தகம் எதுக்கு. எடுக்க வேணாம்னு சொல்லு. நீ வெறுங்கையோட போக மாட்ட. அதுக்கு நான் ஜவாப்தாரி.

அம்மா நல்லா இருக்காங்களா? நீ இங்க வர்றது அவங்களுக்குத் தெரியுமா? தெரியுமா. என்ன சொன்னாங்க? போய்க் கேளு, என்ன பண்றார்னு பாப்போம்னா? அப்படியேவா சொன்னாங்க? ம். வேற ஒன்னும் சொல்லலியா?

சரி.

உங்கப்பாவோட ஃபீல்டு நோட்டெல்லாம் பத்திரமா இருக்கா? மலையில எழுதுறதுக்குன்னு கெட்டி அட்டை போட்டு சின்னதா இருக்குமே. நம்பர் போட்டு வச்சிருப்பான் மேல. மொத்தம் இருபத்தி மூணு, அதுல ஒன்னு இல்லயா? எது? பதினொன்னா. எவ்வளவோ காணாமப் போகுதும்மா. எங்க ஆபீஸ் அந்த வருஷம் ஒரு தெருவுல இருந்து இன்னொரு தெருவுக்கு மாறுச்சு. வண்டியில ஏத்தும்போது எத்தனையோ அட்டைப்பெட்டி போச்சு. அதத் தேடி அலையாத.

படம் நாற்பத்தி ரெண்டாம் பக்கம். இதானா? எப்பா, எவ்வளவு வருஷம் ஆச்சு இதப் பாத்து. உனக்கு என்ன வயசு? முப்பத்திரண்டு. அப்ப இந்தப் படத்துக்கும் முப்பத்திரண்டு. நீங்க ரெண்டு பேரும் ஒரே மாசம். கீழ பாரு, என் பேரு, பெருசா. கம்பெனிய மூடும்போது பழைய அறிக்கைகளோட உரிமைய எழுதினவங்களுக்கே எழுதிக் குடுத்துட்டாங்க. அதனால சட்டப்படி இதுக்கு நான்தான் சொந்தக்காரன். பேப்பர் இருக்கு, முத்திரையோட.

படிக்கத் தெரியுதா உனக்கு இது? கஷ்டம் ஒன்னும் இல்ல. இந்தச் சுருள் சுருளா இருக்குறது மலை. நடுவுல கறுப்பா கீழ இருந்து மேல போகுது பாரு ஒரு கோடு, அதுதான் பிளவு. பூமிக்குள்ள பாறை உடைஞ்சு ரெண்டு பக்கமும் நகந்துபோன இடம். அந்த உடைசல்ல தண்ணி தங்கும். தண்ணி வாரியத்துக்கு எங்க போர் போடணும்னு தெரியணும், அதுக்காகத்தான் இந்த வேலை எங்க கம்பெனிக்கு வந்துச்சு. கம்பெனி என்னை அனுப்புச்சு. கோடு எங்க போகுதோ அங்க போர் போட்டா தண்ணி. அவ்வளவுதான் விஷயம்.

அப்பல்லாம் போனப் பாத்து இருக்குற இடத்தக் கண்டுபிடிக்க முடியாது. காம்பஸ் ஒன்னு, கால் ரெண்டு. காம்பஸப் பாத்துத் திசைய எழுதிக்கணும், காலடிய எண்ணிக்கிட்டே நடக்கணும். தெக்குப் பக்கம் இருக்குற ஒரு பாலத்துல ஆரம்பிச்சு வடக்க ரெண்டு கிலோமீட்டர், முள்ளும் கல்லும். எண்ணிக்கிட்டு இருக்கும்போது யாராவது பேசுனா உங்கப்பாவுக்குக் கெட்ட கோபம் வரும். ஒரு தடவை சும்மா கூடப் போனப்ப நான் தும்முனதுக்கு திரும்பப் பாலத்துக்கே போய் முதல்ல இருந்து எண்ணுனான். ஆபீஸ்ல அவனுக்குப் பேரு கேள்விக்குறி. தன் கண்ணால பாக்காத இடத்துல கோட்ட முழுசா போட மாட்டான், விட்டு விட்டுப் புள்ளி வச்சு பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டுருவான். பெரியவர், எங்க மேனேஜர், ஒரு நாள் கேட்டார், ஏம்ப்பா, உன் கல்யாணப் பத்திரிகையிலயும் பொண்ணு பேருக்குப் பக்கத்துல இதப் போட்டியான்னு. நாங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சோம். அவனும் சிரிச்சான்.

இல்ல, அவன் இந்த வேலையில இல்ல. அவனுக்கு வேற வேலை குடுத்திருந்தாங்க. ஆனா அந்த மலை மேல அவனுக்கு ஒரு பித்து. சொந்தமா ஒரு கட்டுரை எழுதணும்னு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பஸ்ஸப் பிடிச்சுப் போவான். சொந்தக் காம்பஸ், சொந்த நோட்டு. கம்பெனிக்கு அதுல ஒரு சம்பந்தமும் கிடையாது. இதக் கொஞ்சம் மனசுல வச்சுக்கோ, அப்புறம் தேவைப்படும்.

டீ சொல்லவா? வேணாமா. தண்ணியாவது குடி.

நேரம் ஆகுதுன்னு தெரியுதும்மா. பேனா என் கையிலதான் இருக்கு. காலையில கிளாஸ்ல நான் ஒரு கேஸ் சொன்னேனே, ஞாபகம் இருக்கா? பேர் சொல்லாம. கூட வேலை பாத்த நண்பன் போட்ட படத்த எடுத்துத் தன் கட்டுரையில வச்சுக்கிட்ட ஒருத்தன். கண்டுபிடிக்கக் கூடாதுன்னு கோட்ட மட்டும் மூணு டிகிரி திருப்பி வச்சான், திருடுனது போதாதுன்னு மலையவே நகத்திட்டுப் போயிட்டான்னு சொன்னேன்ல. எல்லாரும் சிரிச்சாங்க. பதினெட்டு வருஷமா அந்த இடத்துல எல்லாரும் சிரிப்பாங்க. நீயும் சிரிச்ச, பாத்தேன். எங்க ஜியாலஜிஸ்ட் சங்கத்துல இருந்து அவன ரெண்டு வருஷம் நீக்குனாங்க, கம்பெனி வேலையும் போச்சு, கடைசியில பள்ளிக்கூடத்துல பூகோளம் எடுக்கப் போனான்னு முடிச்சேன்.

அது உங்கப்பா.

உக்காரும்மா. தயவுசெஞ்சு உக்காரு. சரி, நில்லு, நின்னுக்கிட்டே கேளு. வீட்ல உனக்கு என்னன்னு சொல்லியிருந்தாங்க? மலை ஏறி அலுத்துப்போச்சு, பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லப் பிடிச்சிருந்துச்சுன்னா? அவனே சொன்னானா? அம்மாவும் அதையேதான் சொன்னாங்களா? இத்தனை வருஷமா ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு பேரு வாயத் தொறக்காம இருந்திருக்காங்க. நான் இங்க மைக் வச்சுப் பேசிக்கிட்டு இருந்திருக்கேன்.

இரு. நீ நெனைக்கிற மாதிரி இல்ல. அவன் காப்பியடிக்கல.

எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நான் இத யார்கிட்டயும் சொன்னதில்ல, என் சம்சாரத்துக்குக் கூடத் தெரியாது. அந்த வேலைக்காகப் போயி நான் ஒரு லாட்ஜ்ல பத்து நாள் தங்கியிருந்தேன். தெக்குப் பக்கம் அரை கிலோமீட்டர் நடந்தேன். அதுக்கு மேல போகல. இன்னைக்கு வரைக்கும் யார் கேட்டாலும் அப்ப எனக்குக் கால் சுளுக்குன்னு சொல்லுவேன், எனக்கே சொல்லிப்பேன். சுளுக்கெல்லாம் இல்ல. வெயில். பக்கத்து ரூம்ல மருந்து கம்பெனி ஆளுங்க நாலு பேர் சீட்டாடிக்கிட்டு இருந்தாங்க, ஒரு கை கொறையுதுன்னு கூப்பிட்டாங்க. நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு பத்து நாள் போயிடுச்சு. மலை எங்கயும் ஓடிடாதுன்னு ஒரு தைரியம்.

திரும்பி வந்தா ரெண்டு வாரத்துல அறிக்கை குடுக்கணும். என்கிட்ட அரை கிலோமீட்டர்தான் இருக்கு. அப்ப உங்கம்மாவுக்கு நாள் நெருங்கிடுச்சு. உங்கப்பா ஒரு மாசம் லீவு போட்டான், நீ பொறக்கப் போறன்னு. கிளம்புற அன்னைக்கு என் மேஜைக்கு வந்து அந்தப் பதினொன்னாம் நோட்ட வச்சான். ஏண்டா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு, நான் வரைஞ்சு முடிச்சாச்சு, வடக்க ஏதாவது சந்தேகம்னா இதப் புரட்டிப் பாத்துக்கோன்னான். அவனுக்குத் தெரியும்னு நெனைக்கிறேன், நான் போகலன்னு. ஆனா கேக்கல. இனிப்பு வாங்கிட்டு வருவேன், பொண்ணா இருந்தா ரெண்டு பங்குன்னு சொல்லிட்டுப் போனான். ரெண்டு பங்கு வாங்கிட்டு வந்தான். நான் சாப்பிட்டேன்.

ஆமா. பாத்துக்கச் சொன்னத அப்படியே எடுத்துப் போட்டுக்கிட்டேன். ஒன்னரைக் கிலோமீட்டர், ஒவ்வொரு அடியும் அவனோடது. மூணு நாள் கதவச் சாத்திட்டு உக்காந்து வரைஞ்சேன். அவன் கேள்விக்குறி போட்டிருந்த ரெண்டு இடத்துலயும் கோட்ட முழுசா இழுத்துட்டேன், பாக்க நல்லா இருக்கணும்ல. கீழ என் பேரு. எனக்கு ஒரு சப்பைக்கட்டு இருந்துச்சு, இன்னைக்கும் கிளாஸ்ல அதச் சொல்லித் தர்றேன். உண்மைக்குக் காப்பிரைட் கிடையாது. பாறை எந்தத் திசையில ஓடுதுங்குறது யார் வீட்டுச் சொத்தும் இல்ல, அளவு யாருக்கும் சொந்தமில்ல. சட்டத்துல அப்படித்தான் இருக்கு. சட்டத்த நல்லாப் படிச்சவனுக்குத்தான் இந்த மாதிரி நல்ல நல்ல சாக்கு கிடைக்கும். அந்த அளவ எடுக்க ஒருத்தன் எத்தனை ஞாயித்துக்கிழமை நடந்தான்னு சட்டத்துல எழுதல.

அறிக்கையோட கடைசிப் பக்கத்துல நன்றின்னு ஒரு பத்தி இருக்கும். உங்கப்பா பேர அங்க போட்டேன். ஊக்கம் அளித்தமைக்கு நன்றின்னு போட்டேன். ஊக்கமாம். எனக்கு அந்த ஒரு வார்த்தைய நெனச்சாத்தான் உடம்பு கூசுதும்மா, மத்த எல்லாத்தையும் விட.

பதினோரு மாசம் கழிச்சு அவன் தன் கட்டுரைய ஒரு பத்திரிகைக்கு அனுப்புனான். அவங்க பாத்தாங்க, இந்தப் படம் ஏற்கெனவே ஒரு அறிக்கையில அச்சாகியிருக்கேன்னு. சங்கத்துக்கு எழுதிட்டாங்க. சங்கம் மூணு பேர் கமிட்டி போட்டுது. விசாரணை நடந்தது இந்தக் கட்டடத்துலதான், கீழ, இப்ப ஜெராக்ஸ் மெஷின் இருக்குற ரூம்.

அவன் அங்க வந்துதான் முதல் தடவையா என் படத்தப் பாத்தான். அப்புறம் ஸ்கேலக் கேட்டு வாங்கி அளந்தான். அளந்துட்டு அவங்ககிட்டச் சொன்னான், ஐயா, ரெண்டு படத்துக்கும் நடுவுல மூணு டிகிரி வித்தியாசம் இருக்கு. அந்த வருஷம் என் காம்பஸ் ஒரு பாறை மேல விழுந்து ஊசி வளைஞ்சுபோச்சு, மூணு டிகிரி கூடக் காட்டும். வேற வாங்குற வரைக்கும் அதையே வச்சுக்கிட்டு அளந்தேன், வரையும்போது மூணு மூணாக் கழிச்சேன். இவர் படத்துல என் காம்பஸோட கோளாறு அப்படியே இருக்கு, அப்ப இது என் அளவுதான். என் நோட்டோட முதல் பக்கத்துல எழுதி வச்சிருக்கேன், அதப் பாருங்கன்னான்.

புரியுதாம்மா உனக்கு? நான் முதல் பக்கத்தத் திருப்பவே இல்ல. யாரு திருப்புவா? நேரா எண்ணு இருக்குற பக்கத்துக்குப் போயிட்டேன். திருடுறவன் வாசல்ல எழுதியிருக்குறதப் படிச்சிட்டா உள்ள போறான்? கழிக்காமயே வரைஞ்சிட்டேன். அதான் கோடு கிழக்க சாஞ்சு நிக்குது.

காம்பஸக் கொண்டாங்கன்னாங்க. பழசக் கடையில குடுத்துட்டுப் புதுசு வாங்கியிருந்தான். உங்ககிட்ட இருக்குற பன்னெண்டாம் நோட்டுல முதல் வரி புதுக் காம்பஸ்னு இருக்குமே, இருக்கா? அதான். சரி, மலைக்கு வாங்க, அளந்து பாப்போம்னான். மலைக்குப் போனா யார் கோடு சரின்னுதான் தெரியும், யார் யாரப் பாத்து வரைஞ்சாங்கன்னு எப்படித் தெரியும்னுட்டாங்க. அவரோடத எடுத்துட்டு அப்புறம் போய்த் திருத்திக்கிட்டீங்க, அவ்வளவுதானேன்னு தலைவர் கேட்டார். என் படம் பதினோரு மாசம் முந்தி. தேதி இருக்கு. அப்ப மிச்சம் அந்த நோட்டு ஒன்னுதான்.

என்னைக் கூப்பிட்டாங்க. ரெண்டே கேள்வி. படம் உங்களோடதான்னு கேட்டாங்க. அறிக்கையில என் பேர்தான் இருக்குன்னேன். பொய் இல்ல பாரு, இருக்குல்ல. இவர் நோட்டு உங்ககிட்ட இருக்கான்னு கேட்டாங்க. படிச்சிட்டு ஆபீஸ் அலமாரியில வச்சிட்டேன், ஆபீஸ் மாறும்போது போயிருக்கும்னேன். உங்கப்பா என்னைப் பாத்தான். திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். பதிலுக்கு நானும் ரெண்டு திட்டியிருப்பேன், மனசுக்கு ஒரு சமாதானம் கிடைச்சிருக்கும். சும்மா பாத்தான். எங்க தெரியலன்னு கண்டுபிடிக்குற மாதிரி. நீ இப்பப் பாக்குறியே, இப்படித்தான்.

அதுக்கப்புறம் நடந்தது உனக்குத் தெரிஞ்சதுதான், காலையில கேட்டல்ல.

கேளு, இன்னும் இருக்கு. அத்தனையும் சொல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். தண்ணி வாரியம் என் படத்த வச்சு வடக்க மூணு இடத்துல போர் போட்டுது. மூணும் புழுதி. மூணு டிகிரின்னா உள்ளங்கையில ஒன்னும் தெரியாது, ஒன்னரைக் கிலோமீட்டர் போனா எண்பது மீட்டர் தள்ளிப்போயிரும். எனக்கு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, எண்பது மீட்டர் மேற்க போனாத் தண்ணின்னு. சொன்னா என் படம் தப்புன்னு ஆயிரும், அவன் சொன்னது சரின்னு ஆயிரும். மக்கள் குடத்தத் தூக்கிட்டு நடந்துக்கிட்டு இருக்காங்க, நான் வாயப் பொத்திக்கிட்டு இருக்கேன்.

ஒரு நாள் போர் போடுற லாரிக்காரர் ஆபீசுக்கு வந்தார். சார், நாலாவதுல தண்ணி பீச்சி அடிச்சுருச்சு, நீங்க அனுப்புன ஆளு சொன்ன இடத்துலதான் போட்டோம்னார். எந்த ஆளுன்னேன். ஒல்லியா, கண்ணாடி போட்டு, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஒருத்தர் ஞாயித்துக்கிழமை பஸ்ல வந்தார், எண்பது மீட்டர் மேற்க தள்ளிப் போடச் சொல்லி நீங்க சொல்லி அனுப்புனதா சொன்னார், காலால எண்ணி நடந்து ஒரு கல்ல வச்சுட்டுப் போனார்னார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆமா, நான்தான் அனுப்புனேன்னேன்.

வாரியத்துல இருந்து எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்துச்சு. அப்புறம் ரொம்ப நாள் கழிச்சு, சங்கத்துல எல்லாருக்கும் தொழில் நெறி கிளாஸ் எடுக்கணும்னு முடிவு பண்ணுனாங்க. யார் எடுக்குறதுன்னு பேச்சு வந்தப்ப, இவர் படத்தத்தானே திருடுனாங்க, பாதிக்கப்பட்டவர் எடுத்தா உறைக்கும்னு என்னை உக்கார வச்சாங்க. நானும் உக்காந்துட்டேன். உறைக்க உறைக்க எடுத்தேன்.

மூணு வருஷம் முன்னாடி அவன் போயிட்டான்னு தெரிஞ்சு உங்க தெரு வரைக்கும் வந்தேன். முனையில ஒரு செருப்புக் கடை இருக்குல்ல, அங்க நின்னுட்டேன். கடைக்காரர் என்ன சைஸ் வேணும்னு கேட்டார். ஒரு ஜோடி வாங்கிட்டுத் திரும்பிட்டேன். இன்னைக்குக் காலுல இருக்குறது அதுதான். உள்ள வந்து உங்கம்மா முகத்துல முழிக்குற தைரியம் இல்ல.

அந்தக் கட்டுரையில நாற்பத்தி ரெண்டாம் பக்கம் இந்தப் படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்கான்னு நீ படிச்சியா? முந்தைய வரைபடத்தில் பிளவுக்கோடு மூன்று டிகிரி கிழக்கே விலகியுள்ளது, காரணம் அளவிட்ட கருவியாக இருக்கலாம். இருக்கலாம்னு போட்டு, பக்கத்துல பாரு. பிழைன்னு நெனச்சு அதத் திருத்திரலாமான்னு அச்சகத்துல கேட்டாங்களா? திருத்த வேணாம்னு சொல்லு. அது அவன் போட்ட கேள்விக்குறி. காரணம் யாருன்னு அவனுக்குத் தெரியும், ஆனா கண்ணால பாக்கலல்ல. அதனால கருவி மேல போட்டுட்டுப் போயிட்டான்.

அழாதம்மா. இல்ல, அழு. எனக்கு அதச் சொல்ல என்ன உரிமை இருக்கு.

இந்தா ஃபார்ம். பாத்துக்கோ. உரிமையாளர்ங்குற இடத்துல என் பேர அடிச்சுட்டு உங்கப்பா பேர எழுதியிருக்கேன். பின்னாடி காலியா இருந்துச்சுல்ல, அதுல நான் சொன்னதெல்லாம் சுருக்கமா எழுதியிருக்கேன், பேசிக்கிட்டு இருந்தப்ப மடியில வச்சுக் கிறுக்கிக்கிட்டே இருந்தேனே, அது இதான். இந்தப் படம் என்னுடையது அல்லன்னு ஆரம்பிக்குது. கீழ கையெழுத்து, தேதி. படத்துக்குப் பக்கத்துலயே அச்சடிக்கச் சொல்லு. இன்னொரு பிரதி சங்கத்துக்கு, செயலாளர் மேஜையில நானே வச்சிருவேன். அடுத்த மாச கிளாஸ வேற யாராவது எடுக்கட்டும். உதாரணம் சொல்றதுக்கு அவங்களுக்குப் பஞ்சம் இருக்காது.

மன்னிப்பெல்லாம் கேக்கலம்மா. கேட்டா நீ ஏதாவது பதில் சொல்லணும். உனக்கு அந்தப் பாரம் எதுக்கு.

நம்ப மாட்டாங்களா, அச்சகத்துல? வயசாயிடுச்சு, உளர்றார்னு சொல்லிருவாங்களா? அதுவும் நியாயம்தான். என் சங்கத்துக்காரங்களே அப்படித்தான் சொல்லுவாங்க, இருந்திருந்து இவருக்கு என்ன வந்துச்சுன்னு. ஆதாரம் கேப்பாங்க. கேக்கணும்.

கைப்பைய எடுத்துக்கிட்டியா? கண்ணாடிய மேஜையிலயே வச்சுட்டியே. போறதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் ஒரு நிமிஷம் வா. என் மேஜையில கடைசி டிராயர். பூட்டு இல்ல, எப்பவுமே பூட்டுனதில்ல. மாத்திரை டப்பாவ நகத்திட்டுப் பாரு, அதுக்கு அடியில பழைய பேப்பர் சுத்தி இருக்கும். பதினொன்னு. முதல் பக்கத்துல அவன் சொன்ன மாதிரியேதான் எழுதியிருக்கு. விசாரணைக்கு முந்துன நாள் ராத்திரி படிச்சேன். நீயே எடுத்துக்கோம்மா, எனக்குக் குனிய முடியல. பாதியில மாட்டும், கொஞ்சம் மேல தூக்கி இழு.